ராமேஸ்வரத்துல கைட்சர்ஃபிங் கோர்ஸ்: 10 மணி நேரம் போனேன், காசுக்கு வொர்த்தா?

முதல்லயே பதிலை சொல்லிடறேன், வொர்த் தான். ஆனா நீங்க நினைக்கிற காரணத்துக்காக இல்ல. 10 மணி நேரம் முடிச்சு வந்தா, கைட்டுனு சொல்ற பெரிய காத்தாடி இழுக்க போர்டுல நின்னு கடல்ல ஜாலியா போயிட்டு வரலாம்னு நினைச்சு போனீங்கன்னா ஏமாந்துதான் வருவீங்க, நானும் அப்படித்தான் நினைச்சு போனேன். ஸ்கூல் பேரு இங்க போடல, ஏன்னா சில குறை சொல்லப் போறேன், நல்லா சொல்லிக் கொடுத்த பசங்களுக்கு அதனால பிரச்சனை வர வேணாம்.

என்னைப் பத்தி சுருக்கமா. வயசு 34, வெயிட் 82 கிலோ, சென்னையில ஐடி வேலை, நீச்சல் சுமாரா தெரியும், கண்ணாடி போடுவேன் (இது ஏன் முக்கியம்னு பின்னாடி வரும்). சின்ன வயசுல மொட்டை மாடியில காத்தாடி விட்டு டீல் போட்டு நாலு பேரோடத அறுத்தவன். அந்த திமிருலதான் எல்லா வினையும் ஆரம்பிச்சுது.

2024 ஒலிம்பிக்ஸ்ல முதல் தடவையா கைட் ரேஸ் வச்சாங்க இல்ல, பாரிஸ் கேம்ஸ்னு பேரு, ஆனா பாய்மர படகு போட்டி எல்லாம் மார்செய் கடல்ல நடந்துச்சு. அதை ராத்திரி உக்காந்து பார்த்தேன். பார்த்துட்டு சும்மா இருக்காம ஆன்லைன்ல செகண்ட் ஹேண்ட்ல ஒரு 12 மீட்டர் கைட் வாங்கிட்டேன். 12 மீட்டர்னா நீளம் இல்லைங்க, துணியோட பரப்பு, 12 சதுர மீட்டர், நம்ம வீட்டு பெட்ரூம் சைஸ் வரும். கூடவே பார் (கைட்டை ஓட்டுற கைப்பிடி கம்பி), ஹார்னஸ் (உடம்புல கட்டுற பெல்ட்), பம்ப். வித்தவரு "லைட்டா யூஸ் பண்ணது சார்"னு சொன்னாரு. யூடியூப்ல ஒரு மாசம் வீடியோ பார்த்தேன். காத்தாடி விட்ட கை தானே, இதுல என்ன இருக்குன்னு ஒரு நினைப்பு.

போன வருஷம் மே மாசம் ஒரு சாயங்காலம், ஈசிஆர் பக்கம் ஆள் இல்லாத பீச்சுக்கு ஃப்ரெண்ட் ஒருத்தனை கூட்டிட்டு போனேன். சாயங்காலம் கடல் காத்து நல்லா ஏறும்னு தெரியும், அது கடல்லேர்ந்து கரைக்கு அடிக்கிற காத்துன்னும் தெரியும், ஆனா அதுக்கு என்ன அர்த்தம்னு யோசிக்கல பாருங்க. கரைக்கு அடிக்கிற காத்துல ஏதாவது தப்பு நடந்தா கைட் உங்களை கடலுக்குள்ள இழுத்துட்டு போகாது, ரோடு, கம்பம், மரம்னு கரையில இருக்கிறது மேல கொண்டு போய் அடிக்கும். எங்களுக்கு பின்னாடி இருந்தது சவுக்கு தோப்பு.

ஃப்ரெண்டு கைட்டை புடிச்சிக்கிட்டு நின்ன இடமே தப்பு. காத்துக்கு குறுக்கால, பக்கவாட்டுல நிக்கணும், இவன் காத்து போற திசையில எனக்கு நேர் எதிர்ல நின்னான். நான் கட்டை விரலை தூக்கி காட்டுனேன், அவன் விட்டான். அவ்ளோதான். ஒரு செகண்டுல கைட் விஷ்ஷ்ஷுனு மேல கிளம்புச்சு, என் காலு தரையில இல்ல. கைல இருந்த பாரை உயிரை புடிக்கிற மாதிரி புடிச்சேன், அதை எவ்ளோ இறுக்கி புடிச்சேனோ அவ்ளோ வேகமா இழுத்துச்சு. அவசரத்துக்கு தள்ளி கழட்டி விடற சிவப்பு கலர் ரிலீஸ் ஒண்ணு இடுப்புகிட்ட இருக்கும், அதை தள்ளுனேன், தள்ளுனேன், நகரவே இல்ல, உள்ள பழைய மண்ணு ஏறி இறுகிக் கிடந்திருக்கு. 20 மீட்டர் மணல்ல தேய்ச்சுக்கிட்டே போய் கைட் சவுக்கு மரத்துல மாட்டுனதாலதான் நின்னேன். முழங்கை, முட்டி, வயிறு எல்லாம் தோல் போச்சு. தோள்பட்டை மூணு வாரம் தூக்க முடியல. வீட்ல பைக்ல விழுந்துட்டேன்னு சொன்னேன், அம்மா நம்பல, பைக்ல ஒரு கீறல் கூட இல்லையேன்னு கேட்டாங்க.

அதுக்கு அப்புறம்தான் ராமேஸ்வரம். ஜூலைல ஒரு வாரம் லீவு போட்டேன். புது பாம்பன் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்ததுக்கு அப்புறம் ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரைக்கும் போகுது, அதனால போறது ஈஸி. ஸ்டேஷன்லேர்ந்து ஆட்டோ. கோயிலுக்கு வர்ற கூட்டத்துக்கு நடுவுல நான் மட்டும் பேக்ல லைக்ராவும் ஹெல்மெட்டும் வச்சிக்கிட்டு போறேன், ஆட்டோக்காரரு "தீர்த்தமாட வந்தீகளா"ன்னு கேட்டாரு. ஆமாண்ணேன்னு சொன்னேன், பொய் இல்லையே, குடிச்ச உப்புத்தண்ணி கணக்கை பார்த்தா 22 தீர்த்தத்துக்கும் மேல வரும்.

ஏன் ராமேஸ்வரம்னா அந்த தீவோட அமைப்பு. தனுஷ்கோடி ரோட்டுல போனவங்களுக்கு தெரியும், ஒரு பக்கம் ஆண் கடல், இன்னொரு பக்கம் பெண் கடல்னு ஊர்க்காரங்க சொல்லுவாங்க. தெக்க மன்னார் வளைகுடா, வடக்க பாக் விரிகுடா. ஜூலைல தென்மேற்குலேர்ந்து கச்சான் காத்து அடிக்கும், அப்போ தெக்க அலை ஆள் உசரத்துக்கு எழும்புது, வடக்க தட்டுல ஊத்தி வச்ச மாதிரி தண்ணி. நம்மள மாதிரி புதுசா வர்றவன் என்ன நினைப்பான், அமைதியா இருக்கிற பக்கம் இறங்கி கத்துக்கலாம்னு. அதுதான் தப்புன்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. வடக்கு பக்கம் காத்து கரையிலேர்ந்து கடலுக்குள்ள போகுது, அதான் அலை இல்ல. அங்க கைட் கீழ விழுந்து உங்களால எழுப்ப முடியலன்னா கரைக்கு வர வழியே கிடையாது, காத்து உங்களை வெளிய தள்ளிட்டே போகும். சொல்லிக் கொடுத்த தம்பி சிரிச்சிக்கிட்டே "அப்பிடியே போனா எல்லைய தாண்டிருவீங்கண்ணே, அப்புறம் இலங்கை நேவிதான் வந்து கூட்டிட்டு போவாய்ங்க"ன்னான். சொல்லிட்டு அவனே கொஞ்ச நேரம் பேசாம இருந்தான், மீன் புடிக்கிற குடும்பத்து பையன், அந்த ஊர்ல அது ஜோக் இல்ல.

அதனால கிளாஸ் நடக்கிறது மணல் திட்டுக்கு உள்ள அடைஞ்சு கிடக்குற தண்ணியில. முழங்கால்லேர்ந்து இடுப்பு வரைக்கும் ஆழம், அலை கிடையாது, கைட் எங்க இழுத்துட்டு போனாலும் கடைசியில ஒரு மணல் மேட்டுலதான் போய் நிப்பீங்க. கத்துக்குட்டிக்கு இதுக்கு மேல என்ன வேணும். இந்த ஒரு விஷயத்துக்கே நான் 5க்கு 5 குடுப்பேன்.

முதல் நாள் தண்ணியிலயே இறக்கல. 3 மீட்டர் குட்டி கைட் ஒண்ணை கையில குடுத்து மணல்ல நிக்க வச்சாங்க. காத்துக்கு முதுகை காட்டி நின்னுக்கிட்டு முன்னாடி ஒரு பெரிய கடிகாரம் நிக்கிற மாதிரி நினைச்சுக்கணும். தலைக்கு நேர் மேல 12 மணி, இடது கை பக்கம் 9, வலது கை பக்கம் 3. கைட் அந்த ஓரமா இருந்தா சாது, நடுவுல நேர் எதிர்ல இறங்குச்சுன்னா அங்கதான் முழு பவரும். ஈசிஆர்ல என் ஃப்ரெண்டு சரியா அந்த நடுவுல கொண்டு போய் விட்டிருக்கான். அதைக் கேட்டப்போ எனக்கு வயித்தை கலக்கிடுச்சு.

காத்தாடி விட்ட அனுபவம் உதவுமான்னு கேட்டா உபத்திரவம்தான். நம்ம காத்தாடியில காத்து குறைஞ்சா நூலை சுண்டி இழுப்போம், மேல ஏறும், பயந்தாலும் இழுப்போம். இதுல பாரை உங்க பக்கம் இழுத்தா கைட்டோட பின் பக்க லைன் (கயிறு) ரெண்டும் இறுகி அது காத்தை இன்னும் நல்லா புடிக்கும், இழுவை கூடும். பாரை விட்டீங்கன்னா அது மேல நழுவி போயிடும், கைட் காத்தை விட்டுடும், இழுவை செத்துடும். அதாவது பயத்துல உடம்பு தானா செய்யுற காரியம்தான் இங்க உங்களை கொல்லும். பாரை எப்படி புடிக்கணும்னா நாங்க எல்லாம் பைக் ஹேண்டில் மாதிரி திருப்புனோம், தம்பி சொன்னான், "திருப்பாதீங்கண்ணே, மாட்டு வண்டி கயிறு மாதிரி இழுங்க, இடது பக்கம் இழுத்தா இடது பக்கம் போகும்". இந்த ஒரு வரி யூடியூப்ல ஒரு மாசம் பார்த்தும் எனக்கு கிடைக்கல.

அப்புறம் அந்த சிவப்பு ரிலீஸ். கண்ணை மூட சொல்லி, பேசிக்கிட்டே இருக்கும்போது திடீர்னு "ரிலீஸ்!"னு கத்துவான், நான் தள்ளணும். 20 தடவைக்கு மேல இருக்கும். மூணு படி இருக்கு, முதல்ல பாரை விடு, அது போதலைன்னா சிவப்பை தள்ளு, அப்பவும் கைட் ஒரே லைன்ல தொங்கிக்கிட்டு இழுத்துச்சுன்னா லீஷையும் (கைட்டை உங்களோட கட்டியிருக்கிற கடைசி கயிறு) கழட்டி விட்டுடு, கைட் போனா போகட்டும். ஒவ்வொரு நாளும் தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி ரிலீஸை நல்ல தண்ணியில கழுவி ஒரு தடவை தள்ளி பார்த்துட்டுதான் மாட்டுவாங்க. என் பழைய ரிலீஸ் கதையை சொன்னேன், அவன் ஒண்ணும் சொல்லல, தலையில கை வச்சுக்கிட்டான். தலையில கை வச்சா கைட்சர்ஃபிங்ல "என் கைட்டை இறக்கி குடு"ன்னு அர்த்தம், அது வேற விஷயம்.

ரெண்டாவது நாள் காத்து 25 நாட்ஸுக்கு மேல (நாட்னா காத்து வேகத்தோட அளவு), அதுவும் விட்டு விட்டு அடிக்குதுன்னு கிளாஸ் கேன்சல். எனக்கு செம கடுப்பு. லீவு போட்டு வந்திருக்கேன், காத்து இல்லைன்னு சொன்னா பரவால்ல, காத்து அதிகம்னு சொல்றீங்களேன்னு சண்டை போட்டேன். அப்போதான் கணக்கு சொன்னாங்க, காத்து ரெண்டு மடங்கானா இழுவை நாலு மடங்காகும், 12 நாட்ல சமாளிக்கிற ஆளு 24 நாட்ல சமாளிக்க முடியாது, ஒரு நாட்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர், நீங்களே போட்டு பாருங்கன்னு. சரின்னு அரிச்சல்முனைக்கு போய் மீன் வறுவல் சாப்ட்டு 1964 புயல்ல போன சர்ச் சுவரை பார்த்துட்டு வந்தேன். திரும்பி பார்த்தா அவங்க செஞ்சது சரிதான், காசுக்காக இறக்கி விடற ஸ்கூலா இருந்திருந்தா நான் இதை எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன். ஆனா ஒரு குறை, மிச்ச மணி நேரத்தை அடுத்த தடவை வந்து எடுத்துக்கலாம், காசு திரும்ப கிடையாதுன்னு புக் பண்ணும்போது சொல்லல, அங்க போய்தான் தெரிஞ்சுது. லீவு கணக்கு பார்த்து வர்றவங்க இதை முதல்லயே கேட்டுக்கோங்க, ரெண்டு மூணு நாள் எக்ஸ்ட்ரா வச்சுதான் டிக்கெட் போடணும்.

மூணாவது நாள் பாடி டிராக். போர்டு கிடையாது, கைட்டை ஓட்டிக்கிட்டு தண்ணியில குப்புற படுத்துக்கிட்டு அது இழுக்கிற பக்கம் போகணும். கேக்க கேவலமா இருக்கும், ஆனா எனக்கு இதுதான் ரொம்ப புடிச்சுது. அதுல கஷ்டமான பாகம் காத்துக்கு எதிர் பக்கமா ஏறி வர்றது, ஒரு கையால பாரை ஓட்டிக்கிட்டு இன்னொரு கையை நேரா தண்ணிக்குள்ள நீட்டி உடம்பை சாய்ச்சு வச்சுக்கணும், அந்த கை படகோட அடிக்கட்டை மாதிரி வேலை செய்யும். எதுக்கு இவ்ளோ மெனக்கெடணும்னு கேட்டேன். விழுந்தா போர்டு உங்களுக்கு மேல் காத்து பக்கமா, அதாவது காத்து வர்ற பக்கமா நின்னுடும், நீங்க இறங்கிக்கிட்டே போவீங்க, போய் எடுக்கணும்னா இது ஒண்ணுதான் வழி. போர்டை கயிறு போட்டு கால்ல கட்டிக்கலாமேன்னா, அது இழுபட்டு சுண்டி வந்து பின் மண்டையில அடிக்குமாம், அதனால கட்ட விடறது இல்ல.

கண்ணாடி மேட்டர் இங்கதான். ஸ்ட்ராப் போட்டு கட்டியிருந்தேன், ரெண்டாவது டிராக்லயே போச்சு, 4,000 ரூபா. பவர் இருக்கிறவங்க பழைய கண்ணாடியை கொண்டு போங்க, இல்லைன்னா இல்லாமயே இறங்குங்க, கைட் அந்த சைஸுக்கு கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும்.

நாலாவது நாள்தான் போர்டு. தண்ணியில உக்காந்துக்கிட்டு ரெண்டு காலையும் ஸ்ட்ராப்ல நுழைச்சு, கைட்டை 12 மணியிலேர்ந்து ஒரு பக்கமா டைவ் அடிக்க விட்டா அது அப்படியே தூக்கி நிறுத்தும். சொல்றதுக்கு ஒரு வரி. முதல் 15 தடவை மூக்கால தண்ணி குடிச்சேன். கம்மியா டைவ் பண்ணா பொத்துனு உக்காந்துடுவோம், அதிகமா பண்ணா போர்டு மேலயே பறந்து அந்தப் பக்கம் மூஞ்சி குப்புற. எப்பவோ ஒரு தடவை சரியா வந்துச்சு, எழுந்து நின்னேன், சத்தமே இல்ல, போர்டுக்கு அடியில தண்ணி சர்ர்ருனு, ஒரு 30 மீட்டர் போயிருப்பேன். கத்துனேன்னு தம்பி சொன்னான், எனக்கு ஞாபகம் இல்ல. ரேடியோ ஹெல்மெட்ல அவன் என்னமோ சொல்லிட்டே இருந்தான், அது பாதி நேரம் கொரகொரன்னுதான் கேட்டுச்சு, இதுவும் ஒரு குறை, ரேடியோ ஒண்ணு கூட உருப்படியா இல்ல, கை சாடைலதான் ஓட்டுனோம்.

10 மணி நேரம் முடிஞ்சப்போ என் நிலைமை இதுதான், ரெண்டு பக்கமும் 50, 60 மீட்டர் போவேன், ஆனா காத்துக்கு எதிரா ஏறி வரத் தெரியாது. கிளம்புன இடத்துக்கு திரும்பி வர தெரியாதவன் ரைடர் இல்ல. ஒவ்வொரு தடவையும் கீழ் காத்து பக்கம் போய் சேர்ந்து, போர்டை கக்கத்துல இடுக்கிக்கிட்டு, கைட்டை தலைக்கு மேல வச்சுக்கிட்டு வெயில்ல நடந்து வரணும். கூட வந்த ஒரு பொண்ணு 45 கிலோ இருப்பாங்க, 9 மணி நேரத்துலயே ஏற ஆரம்பிச்சுட்டாங்க. பலத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அவங்க பாரை கெட்டியா புடிக்கவே மாட்டாங்க, ரெண்டு விரல்ல வச்சுப்பாங்க, அவ்ளோதான் வித்தியாசம். எனக்கு கடைசி வரைக்கும் "விடுங்கண்ணே, விடுங்க"தான். நான் இன்னும் 4 மணி நேரம் எக்ஸ்ட்ரா எடுத்து கடைசி ஒரு மணி நேரத்துலதான் கொஞ்சம் ஏறுனேன்.

காசு கணக்கு: 10 மணி நேரத்துக்கு 38,000, கைட், போர்டு, ஹார்னஸ், ஹெல்மெட் எல்லாம் சேர்த்து. எக்ஸ்ட்ரா 4 மணி நேரம் தனி. ரூம் நாளைக்கு 1,500, சாப்பாடு அங்கயே, மத்தியானம் மீன் குழம்பு, அது பத்தி குறை சொன்னா நாக்கு அழுகிடும். ஆனா இந்த ரேட்டு ரெண்டு பேருக்கு ஒரு கைட், மாத்தி மாத்தி. அதாவது 10 மணி நேரத்துல உங்க கையில கைட் இருக்கிறது பாதி நேரம்தான். தனியா வேணும்னா ரேட்டு வேற. மத்தவன் விழறதை பார்த்து கத்துக்கலாம்னு அவங்க சொல்றது உண்மைதான், முதல் ரெண்டு நாளைக்கு. போர்டு ஏறுனதுக்கு அப்புறம் கரையில நின்னு வேடிக்கை பார்க்கிறது வேஸ்ட். என்னைக் கேட்டா முதல் பாதி ஷேரிங், ரெண்டாவது பாதி தனின்னு பேசி வாங்குங்க, எனக்கு யோசனை லேட்டா வந்துச்சு.

ஹார்னஸ் பழசு, என் சைஸுக்கு இடுப்பு ஹார்னஸ் மேல ஏறி ஏறி அக்குள்ல வந்து நின்னுச்சு, விலா எலும்பு ரெண்டு வாரம் வலிச்சுது. சீட் ஹார்னஸ் கேட்டு வாங்குங்க, தொடையில மாட்டுறது, பார்க்க டயப்பர் மாதிரி இருக்கும், ஆனா மேல ஏறாது. பொண்ணுங்களுக்கு டிரஸ் மாத்த ஒரே ஒரு தார்ப்பாய் மறைப்பு, அதுக்கு கொக்கி இல்ல. இவ்ளோ காசு வாங்கிட்டு இதை சரி பண்ணாம இருக்கிறது அநியாயம்.

தண்ணிக்குள்ள திருக்கை இருக்கும், காலை தூக்கி தூக்கி வைக்காம தரையோட தேய்ச்சு நடந்தா அது விலகி போயிடும், பூட்டீஸ் (தண்ணிக்குள்ள போடுற ஷூ) போட்டுக்கோங்க. சொறி (ஜெல்லி மீன்) பட்டா அரிக்கும், ஃபுல் ஸ்லீவ் லைக்ரா வெயிலுக்கும் இதுக்கும் சேர்த்து. இன்னொண்ணு, அந்த கடல்ல பாசி எடுக்கிற அக்காங்க இருப்பாங்க, மூங்கில் தெப்பம் கட்டி பாசி வளர்க்கிற இடமும் இருக்கு, வலை கட்டுன கம்பும் இருக்கும். அது அவங்க பொழப்பு, நம்ம 20 மீட்டருக்கு மேல நீளமான லைன் அதுக்குள்ள போய் விழக்கூடாது. ஊர் பசங்க ட்ரெயினரா இருக்கிற ஸ்கூல்ல சேர இதுவும் ஒரு காரணம், எந்த கம்பு எங்க இருக்குன்னு அவங்களுக்கு தெரியும்.

இலங்கையில கல்பிட்டிக்கு போலாமேன்னு சிலர் கேக்குறாங்க. புத்தளம் பக்கம், அங்கயும் மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் இதே தென்மேற்கு காத்துதான், பெரிய களப்பு இருக்கு, ஸ்கூல் நிறைய, தமிழ் பேசுற ஜனங்களும் இருக்காங்க. நான் போனதில்ல. கூட கத்துக்கிட்ட ஒருத்தர் போயிருக்காரு, அங்க காத்து இன்னும் ஸ்ட்ராங்கு, கொஞ்சம் ஓட்ட தெரிஞ்சதுக்கு அப்புறம் போனா நல்லா இருக்கும், முதல் கிளாஸுக்கு ராமேஸ்வரம் போதும்னாரு. ஃப்ளைட்டுக்கு ஆகற காசுல இங்க இன்னும் ஆறு மணி நேரம் எடுத்துடலாம்னு எனக்கு தோணுது.

கத்துக்காம கைட் வாங்காதீங்க. புதுசா முழு செட் 2 லட்சத்தை தாண்டும், அதனாலதான் எல்லாரும் செகண்ட் ஹேண்டுக்கு போறோம், போறது தப்பில்ல, ஆனா ரிலீஸ் வேலை செய்யுதா, லைன் நாலும் ஒரே நீளமா இருக்கா, உங்க வெயிட்டுக்கும் அந்த ஊர் காத்துக்கும் எந்த சைஸ்னு கூட இருந்து பார்க்க ஒரு ஆள் வேணும். எனக்கு ஜூலை காத்துக்கு குடுத்தது 9 மீட்டர். என்கிட்ட வீட்ல இருந்தது 12.

அந்த 12 மீட்டரை ரெண்டு பேர் விலைக்கு கேட்டாங்க, ஒருத்தர் 15,000 வரைக்கும் ஏறுனாரு. குடுக்கல. லைன் எல்லாத்தையும் அறுத்துட்டேன், ரிலீஸை சுத்தியலால உடைச்சு குப்பையில போட்டாச்சு. துணி நல்ல துணி, அம்மா மாடியில வடாம் காயப்போடும்போது காக்காவுக்கு பயந்து மேல போட்டு மூடுறாங்க. நாலு பக்கமும் செங்கல் வச்சு.